புதுப்பிப்பு: பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் எடுத்த வாடகைக் கயாக்கில் (துடுப்புப் படகு) தண்ணீர் ஏறியதற்குக் காரணம்

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: இருவர் உட்காரும் கயாக், 1 மணி நேரத்தில் கனத்துப் பின்பக்கம் தாழ்ந்துபோகிறது, ஏன்?

பலர் சொன்ன, இருக்கையடி ஓட்டைகள் காரணமல்ல. அவை மேலிருந்து அடிவரை போகும் குழாய்கள். விரிசல் விட்டாலொழிய உள்ளறைக்குத் தண்ணீர் போகாது. "டிரெயின் பிளக்கைக் கழற்றிப் பாருங்க" என்ற அண்ணன் சொன்னதுதான் சரி. அது உள்ளறைத் தண்ணீரை வடிக்கும் துளையின் திருகு மூடி. வெளியே பார்த்தால் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றினால் ரப்பர் வளையமே இல்லை! கரையில் சாய்த்ததும் சுமார் 10 லிட்டர் வடிந்தது. கடைக்காரர் வேறு பிளக் மாட்டித் தந்தார். அடுத்த 2 மணி நேரத்தில் உள்ளே சில துளிகள்தான்.

எதிர்பாராதது ஒன்று: அதன் பிறகும் கிழக்கே போகையில் கயாக் இடப்பக்கமே இழுத்தது. கனமானவர் முன்னால் உட்கார்ந்ததால் முன்முனை அமிழ்ந்து, லேசான பின்பக்கத்தை இடப்பக்கக் கடலிலிருந்து வந்த காற்று வலப்பக்கம் தள்ள, முன்முனை இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. இடம் மாறி உட்கார்ந்ததும் நேரானது. மதியத்துக்குமேல் காற்று கூடும்போது இது இன்னும் தெரியும்.

பிளக் மரையில் மணல் இருந்தால் துடைத்துவிட்டுக் கையாலேயே இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் மரை போய்விடும்.