ஆராய்ச்சிக்கு மட்டும் என்று எழுதிய குப்பி

தோள்பட்டைத் தசைநாணில் கிழிசல். கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. நான்கு மாதம் பயிற்சி செய்தும் தேறவில்லை. உடற்பயிற்சிக் கூடத்து நண்பர், புண்ணை ஆற்றும் என்று சொல்லப்படும் பிபிசி-157 (BPC-157) என்ற ஊசி மருந்துக் குப்பி ஒன்றைக் கொடுத்தார். "இரைப்பை நீரில் உள்ள புரதத்தின் துண்டுதான், உடம்புக்குப் புதிதல்ல" என்றார். நம்பினேன். அது 15 அமினோ அமிலங்களைக் கோத்துச் செயற்கையாகச் செய்வது என்பதும், புண் ஆறியதாகச் சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளில் நடந்தவை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

காலில் இரத்தம் உறைந்ததால், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவன் நான். ஊசி தொடங்கிய ஒன்பதாம் நாள் பல் துலக்கும்போது ஈறில் கசிந்த இரத்தம் நிற்கவே இல்லை. இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு எனக்கு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும்; 4.7 காட்டியது. "புதிதாக என்ன எடுத்தீர்கள்?" என்று மருத்துவர் மூன்று முறை கேட்டார். வலி மாத்திரையைச் சொன்னேன். ஊசியைச் சொல்ல நாக்கு எழவில்லை. மறுநாள் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இதையும் வார்ஃபரினையும் சேர்த்து மனிதரில் யாரும் முறையாகச் சோதித்ததில்லை. மாத்திரையா, ஊசியா, குப்பிக்குள் கலந்த வேறு எதுவுமா என்று நான் எதை வைத்துச் சொல்வது?" என்றார்.

குப்பியை விளக்கடியில் பிடித்துப் பார்த்தோம். அடியில் வெள்ளைத் தூள் வில்லைபோல் ஒட்டியிருந்தது. 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கு அன்று' என்று பொடி எழுத்து. தொகுதி எண்ணும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. உடன் வந்த '99 சதவீதம் தூய்மை' என்ற தாளை நீட்டினேன். கிருமியோ பாக்டீரியா நச்சோ இல்லை என்பதற்கு அது சான்றாகாது என்றார்.

*

மேலே எழுதியவருக்கு: நான் மருந்தாளுநர். குடல் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த ஒருவர் முழங்கால் வலிக்கு டிபி-500 (TB-500) என்ற இதே போன்ற ஊசியைப் போடலாமா என்று கேட்டு வந்தார். இவ்வகைப் பெப்டைடுகள் (அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலிகள்) புண்ணை ஆற்றும் எனச் சொல்லப்படுவதற்கு ஒரு காரணம், அவை புது இரத்தக் குழாய்களை வளரத் தூண்டுவதாகக் கருதப்படுவதுதான். கட்டிக்கும் அதே குழாய்கள்தானே தீனி? மனிதரில் அப்படி நடக்கிறது என நிரூபணமில்லை, நடக்காது என்றும் இல்லை என்று அவரிடம் சொன்னேன். பந்தயங்களில் ஓடும் அவருடைய மகனுக்கும் ஒன்று சொல்லி அனுப்பினேன்: 2022 முதல் பிபிசி-157 உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இருக்கிறது. அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். "அடுத்த மாதம் எனக்கு ஸ்கேன்" என்றார். பிரிக்காத குப்பியைப் புற்றுநோய் மருத்துவரிடமே எடுத்துப் போனார்.