பன்ட்டைத் தடுப்பதற்கு என்ன சொல்?

ஆஸ்டின் ஆசிரியை:
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும். என் தமிழ் வகுப்பு மாணவன், பத்தாவது படிப்பவன், பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் இருக்கிறான். 'என் விளையாட்டு' என்று ஐந்து நிமிடம் பேசப்போகிறான். எதிரணியின் பன்ட்டைத் தடுப்பதுதான் அவன் வேலை. பந்து வைத்திருக்கும் அணி நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். அது தேறாமல் நாலாவது முயற்சிக்கு வந்துவிட்டால், அந்த அணியில் ஒருவர் சுமார் 15 கெஜம் பின்னால் நின்று பந்தை வாங்கி, கையிலிருந்து நழுவவிட்டு, தரையைத் தொடுமுன் ஓங்கி உதைப்பார். அதுதான் பன்ட். எல்லாம் இரண்டு நொடிக்குச் சற்று மேல். அதற்குள் பாய்ந்து போய்க் கையால் நிறுத்த வேண்டும். 'உதைத் தடுப்புப் பயிற்சி' என்று எழுதிக் கொடுத்தேன். ஒத்திகையைக் கேட்ட அவன் பாட்டி, "உன்னை யாருப்பா உதைக்கிறது?" என்று பதறிவிட்டார்.

மதுரை:
அம்மா, பன்ட்டுக்கே பெயர் வைக்காமல் அதன் தடுப்புக்கு எப்படி வைப்பது? உதை பொதுச்சொல். தரையில் நிறுத்தி உதைப்பதும் அந்த ஆட்டத்தில் உண்டு. கையில் ஏந்தி விட்டு உதைப்பதை 'ஏந்துதை' என்க. ஏந்து குற்றியலுகரம்; உகரம் கெட்டு இயல்பாகச் சேரும். உதைக்கும்போது பந்து கையில் இல்லையே என்று கேட்பார்கள். வினைத்தொகை முக்காலமும் கொள்ளும், இங்கே இறந்தகாலம் கொள்க. ஆகவே 'ஏந்துதை மறிப்பு'. சாலை மறியல் தெரிந்த எவருக்கும் மறிப்பு புரியும்.

டொராண்டோ:
ஈழத்தில் நாங்கள் சாதாரணக் கால்பந்தையே உதைபந்தாட்டம் என்று சொல்லி வளர்ந்தவர்கள். உதை என்றதும் அடி நினைவுக்கு வருவது எங்களுக்கு இல்லை. ஆனால் ஐயா, ஏந்தியது பந்து. தொகையில் நிற்பதோ உதை. 'ஏந்திய உதை' என்று எப்படி விரிப்பீர்கள்? இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கனடிய ஆட்டத்தில் முயற்சியே மூன்றுதான், மூன்றாவதிலேயே பன்ட் அடித்துவிடுவார்கள். எனவே 'நாலாம் உதை' என்ற யோசனை யாருக்கும் வர வேண்டாம்.

மதுரை:
பெயரெச்சம் கொள்ளும் பெயர்களாகத் தொல்காப்பியர் நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என்று ஆறு சொன்னார். உதை வினைப்பெயர். அடங்கும்.

டொராண்டோ:
உண்ணும் ஊண் போல அதே வினையாக இருந்தால் அடங்கும். ஏந்துவது வேறு வினை, உதைப்பது வேறு வினை. நான் உடன்படவில்லை.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:
பையன் மேடையில் நிற்கப்போவது நாளை மறுநாள். பன்ட் என்றே விடுங்கள். கிரிக்கெட்டில் விக்கெட்டை விக்கெட் என்றுதானே நம் பாட்டிமார்களும் சொல்கிறார்கள்? பின்பாதிக்கு மட்டும் தமிழ் தேடுவோம்.

ஆஸ்டின் ஆசிரியை:
பின்பாதியில்தான் எனக்குச் சிக்கலே. அமெரிக்கர்கள் ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறார்கள். பன்ட் அடிக்கும் அணி ஓடிவருகிற ஆளை உடம்பால் நிறுத்தினாலும் 'பிளாக்', ஓடிவந்தவன் பந்தைக் கையால் நிறுத்தினாலும் 'பிளாக்'. பயிற்சியாளர் சொன்னதை மாணவன் தமிழில் எழுதி வந்தான்: "பந்து அசைந்ததும் கிளம்பு. உதைப்பவர் மேல் பாயாதே. அவர் காலுக்கு முன்னால் பந்து கிளம்பும் இடத்தைக் குறிவைத்துக் குறுக்காகக் கடந்து போ. எம்பிக் குதிக்காதே. கண்ணை மூடாதே." பந்தைத் தொடாமல் உதைப்பவரைப் பலமாக மோதிவிட்டால் 15 கெஜம் தண்டம், எதிரணிக்குப் புதிதாக முதல் முயற்சியும் கிடைத்துவிடும். 'மறிப்பு' என்றால் கேட்கிறவர் ஆளை மறிப்பதாகத்தானே நினைப்பார்? அவன் செய்யக் கூடாததே அதுதான்.

தஞ்சாவூர்:
தொல்காப்பியத்தில் படையெடுப்பைச் சொல்லும் வஞ்சித்திணையில் வருகிறதே, விசையோடு வரும் புனலைக் கற்சிறை போல ஒருவன் தாங்குவது! சிறை என்றால் அணை. 'உதைச்சிறை' என்று வைத்தால் ஈராயிரம் ஆண்டுச் சொல் மறுபடி நடமாடும். அணை என்பதும் அழகுதான், 'பந்தணை' என்று...

சென்னை மொழிபெயர்ப்பாளர்:
சிறை என்றால் இன்று ஜெயில். அணைத்தால் தழுவல். நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம் வாசலில் ஒரு சிலை இருக்கிறது. கத்ரீனா புயலுக்குப் பின் அந்த அரங்கம் மீண்டும் திறந்த 2006 செப்டம்பர் 25 அன்று, ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் உள்ளூர் அணியின் ஸ்டீவ் கிளீசன் அட்லாண்டா அணியின் பன்ட்டைத் தடுத்தார். பந்து அட்லாண்டாவின் கடைக்கோடி எல்லைக்குள் உருள, கிளீசனின் அணித்தோழர் கர்டிஸ் டெலோட்ச் அதன்மேல் விழுந்து 'டச்டவுன்' புள்ளிகள் ஆக்கினார். சிலையைப் பாருங்கள்: கிளீசன் உடம்பு நீட்டிப் பாய்கிறார், கை பந்தின் மேல். மறிப்பும் இல்லை, சிறையும் இல்லை. ஆளை மறி, பந்தைத் தடு. 'பன்ட் தடுப்பு' போதும்.

டொராண்டோ:
எனக்குச் சம்மதம். முழுத் தமிழ் இல்லை என்ற குறை எனக்கும் உண்டு. ஆனாலும் கேட்டதும் விளங்குகிறது.

ஆஸ்டின் ஆசிரியை:
இன்னும் இருவர் தனிமடலில் இதையே சொன்னார்கள். 'பன்ட் தடுப்பு' என்றே தலைப்பிட்டுவிட்டேன். தஞ்சாவூர் ஐயாவின் மடலை மாணவனுக்குப் படித்துக் காட்டினேன். உதைப்பவருக்கு முன்னால் கடைசிக் காவலாக ஒருவர் நிற்பார். வருகிறவர்களையெல்லாம் அவர்தான் தாங்குவார். "அவருக்குக் கற்சிறை என்று சொல்லலாமா டீச்சர்?" என்று கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டான்.

மதுரை:
அந்தக் காவலுக்குக் கற்சிறை மிகப் பொருத்தம். பன்ட்டுக்கு மட்டும் என் வாக்கு ஏந்துதைக்கே. என் பட்டியலில் அப்படியே இருக்கும்.