பானெட்டில் குழி, கதவில் கொப்புளம்: பெயின்ட் தெரிந்தவர்கள் உதவுங்கள்

துருவோடு மல்லுக்கட்டுபவன்:
1967 பீட்டில் கார் ஒன்றை வீட்டு ஷெட்டில் வைத்து இரண்டு வருடமாக நோண்டிக்கொண்டிருக்கிறேன். டிங்கரிங் முடித்து, பள்ளத்தை நிரப்பும் பட்டி பார்த்து, ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பிரைமர் அடித்து, மூன்று வாரம் முன்பு இடது கதவுக்குக் கலரும் அதன் மேல் நிறமில்லாத கிளியர் கோட்டும் போட்டேன், கண்ணாடி மாதிரி வந்தது. நேற்று பானெட்டுக்குக் கலர் அடித்தால், அரை நிமிடத்தில் பெயின்ட் அங்கங்கே விலகி ஓடி அம்மைத் தழும்பு மாதிரி வட்டக் குழிகள், நடுவில் பிரைமர் தெரிகிறது. மூடிவிடும் என்று கனமாக இன்னொரு கோட் போட்டேன், ஓரத்தில் வழிந்ததுதான் மிச்சம். போதாக்குறைக்கு இன்று பார்த்தால் கதவில் பட்டி போட்ட இடத்தில் மட்டும் கடுகளவு கொப்புளங்கள். கம்ப்ரசரில் தண்ணீர் வருகிறதா, தின்னர் சரியில்லையா? ஸ்பிரே கன்னில் 1.4 மி.மீ. நாசில்.

பட்டிக்காரர்:
தம்பி, இரண்டும் வேறு வேறு நோய். குழி விழுவது ஃபிஷ் ஐ. சிலிக்கான், மெழுகு, எண்ணெய் ஏதோ ஒன்று பிரைமர் மேல் இருந்திருக்கிறது, தின்னரைத் திட்டாதீர்கள். கன்னில் பெயின்ட் இல்லாமல் வெறும் காற்றை வெள்ளைத் தாளில் ஒரு நிமிடம் அடியுங்கள், புள்ளி விழுந்தால் கம்ப்ரசர்தான். சுத்தமாக இருந்தால், ஷெட்டில் யார் என்ன ஸ்பிரே அடித்தார்கள் என்று யோசியுங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். பட்டியை எப்படித் தேய்த்தீர்கள்?

ஞாயிறு மெக்கானிக்:
ஃபிஷ் ஐ அடக்க ஒரு திரவம் விற்கிறார்கள், கலரில் சில சொட்டு கலந்து அடித்தால் முடிந்தது.

பட்டிக்காரர்:
முடியாது. அந்தத் திரவமே பெரும்பாலும் சிலிக்கான்தான். ஒரு தடவை கலந்தால் மேலே வரும் கோட்டுகளிலும் கலக்க வேண்டியிருக்கும், கன்னும் அழுக்காகும். கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

துருவோடு மல்லுக்கட்டுபவன்:
தாளில் ஒரு புள்ளிகூட இல்லை. கொப்புளத்தைக் குத்தினேன், ஈரம் கசிந்தது! பட்டியை வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்த்தேன், தூசி பறக்காதே என்று. இன்னொன்று, சொல்லவே வெட்கமாக இருக்கிறது: முந்தின நாள் கதவு ரப்பர் உட்காருகிறதா என்று பார்க்க, வழுக்கிக்கொண்டு போகட்டும் என சிலிக்கான் ஸ்பிரே அடித்தேன். பானெட் பக்கத்தில்தான் ஸ்டாண்டில் கிடந்தது.

பட்டிக்காரர்:
சரி, அகப்பட்டது. பாலியஸ்டர் பட்டி பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும், நீங்கள் மேலே பிரைமரும் கிளியரும் போட்டு மூடிவிட்டீர்கள். அந்த இடத்தைத் தகரம் வரை எடுத்து, துரு இருந்தால் நீக்கி, எபாக்ஸி பிரைமர், அதன் மேல் பட்டி, தண்ணீர் படாத உப்புத்தாளில் மட்டும் தேய்ப்பு.

பானெட்டுக்கு அவசரம் வேண்டாம், பெயின்ட் நன்றாக இறுகட்டும். அப்புறம் தேய்ப்பதற்கு முன்னால் மெழுகு, எண்ணெய் நீக்கும் திரவத்தால் துடையுங்கள். முதலில் உப்புத்தாளைப் பிடித்தால் சிலிக்கானைக் கீறலுக்குள் இழுத்துவிடுவீர்கள். ஒரு கையில் நனைந்த துணி, மறு கையில் காய்ந்த துணி. திரவம் தானாகக் காயும் முன் வழித்தெடுக்க வேண்டும், காயவிட்டால் அழுக்கு அங்கேயே படியும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். பிறகு குழி மறையும் வரை தேய்த்து, பிரைமர் வெளியே வந்த இடத்தில் மறுபடி பிரைமர், 600 நம்பர் உப்புத்தாள், திரும்பத் துடைப்பு, கலர். முதல் கோட் மெல்லிசாக, ஈரம் மங்கியதும் அடுத்தது.

ஞாயிறு மெக்கானிக்:
நானும் ஒன்று கற்றுக்கொண்டேன். ஆமாம், முகத்தில் என்ன மாஸ்க்?

துருவோடு மல்லுக்கட்டுபவன்:
சாதாரண தூசி மாஸ்க்தான், ஏன்?

பட்டிக்காரர்:
அய்யோ. 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருக்கிறது, தூசி மாஸ்க் அதைத் தடுக்காது, ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆயுசுக்கும் ஆஸ்துமா. வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று வரும் முகமூடி கிடைக்கும் வரை கன்னைத் தொடாதீர்கள். கதவைத் தகரம் வரை எடுக்கவே ஒரு வாரம் ஆகும், அதற்குள் தேடுங்கள்.