நடுக்கடல்ல திருட்டு மீன் பிடிக்கிற கப்பலை யார்தான் பிடிக்கணும்?

அலைவாசி:

எல்லாருக்கும் வணக்கம். தண்டர்னு ஒரு கப்பல் பத்தி படிச்சதுல இருந்து மண்டைக்குள்ள இதேதான் ஓடிட்டு இருக்கு. அண்டார்டிகா பக்கம் டூத்ஃபிஷ்னு ஒரு ஆழ்கடல் மீன், அதை திருட்டுத்தனமா பிடிச்சே பல வருஷம் சம்பாதிச்ச கப்பல். 2013 டிசம்பர்லயே இன்டர்போல் பர்ப்பிள் நோட்டீஸ் விட்டுட்டாங்க, ஆனா ஒரு வருஷம் கழிச்சு 2014 டிசம்பர்ல அது வலை போட்டுட்டு இருந்ததை பார்த்தது சீ ஷெப்பர்ட்ங்கிற தன்னார்வ அமைப்போட பாப் பார்க்கர் கப்பல். அவங்க 110 நாள் விடாம பின்னாடியே போயிருக்காங்க, கடைசில 2015 ஏப்ரல் 6 அன்னைக்கு மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் இருக்கிற சாவோ டோமேங்கிற தீவு நாட்டுக்கு பக்கத்துல தண்டர் மூழ்கிடுச்சு. என் கேள்வி என்னன்னா, இத்தனை நாள்ல ஒரு நாட்டு நேவி கூட ஏன் ஏறி பிடிக்கல? இன்டர்போல்தான் தேடுதே, அவங்க போலீஸ்தானே?

நங்கூரம்72:

14 வருஷம் மெர்ச்சன்ட் நேவில இருந்தவன், தெரிஞ்சதை சொல்றேன். இன்டர்போல்கிட்ட கப்பலும் கிடையாது, கைது பண்ற அதிகாரமும் கிடையாது. பர்ப்பிள் நோட்டீஸ்ங்கிறது பிடிவாரண்ட் இல்லைங்க, இந்த ஆளு இப்படித்தான் தப்பு பண்றான், இத்தனை பேர் மாத்தியிருக்கான், பார்த்தா சொல்லுங்கன்னு எல்லா நாட்டு போலீசுக்கும் போற தகவல், அவ்ளோதான். பிடிக்க வேண்டியது ஏதாவது ஒரு நாடு.

அங்கதான் சிக்கலே. கரைல இருந்து 200 கடல் மைல் தாண்டிட்டா அந்த கப்பல் எந்த நாட்டு கொடி பறக்க விடுதோ அந்த நாட்டு சட்டம்தான், 1982 கடல் சட்ட ஒப்பந்தம் அப்படித்தான் சொல்லுது. கடற்கொள்ளை, அடிமை வியாபாரம், கொடியே இல்லாத கப்பல் மாதிரி சில விஷயத்துக்கு மட்டும் மத்த நாட்டு போர்க்கப்பல் ஏறி பார்க்கலாம். திருட்டு மீன்பிடி அந்த லிஸ்ட்ல இல்ல. தண்டர் நைஜீரியா கொடில ஓடிட்டு இருந்துச்சு, துரத்தல் முடியப் போற நேரத்துலதான் நைஜீரியா பேரை நீக்குச்சு. அதுக்கு முன்னாடியும் கொடி, பேரு மாறி மாறித்தான் வந்திருக்கு. ஒரு துறைமுகத்துக்கு வெளில நங்கூரம் போட்டு நின்னப்ப பக்கத்துல ஒரு மீன்பிடி கப்பலோட பின்பக்கம் பார்த்தேன், புது பேரு பெயின்ட்ல எழுதியிருக்கு, அதுக்கு அடியில பழைய பேரோட வெல்டிங் எழுத்து மேடா தெரியுது. யாரும் எதுவும் கேக்கல. எனக்கு இன்னும் அது மறக்கல.

தூத்தூர் கடல்:

எங்க அப்பா சுறா தூண்டிலுக்கு ஆழ்கடல் போறவரு, மாசக்கணக்குல கடல்லயே கிடப்பாரு. அதனால முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், தெரியாம எல்லை தாண்டுற நம்ம போட்டையும் இந்த மாதிரி கும்பலையும் ஒரே தராசுல வைக்காதீங்க. தண்டர் அவசரத்துல விட்டுட்டு ஓடுன செவுள்வலை மட்டும் 72 கிலோமீட்டர்! அந்த கடல்ல செவுள்வலையே போடக்கூடாது. சீ ஷெப்பர்டோட இன்னொரு கப்பல் சாம் சைமன், அதுக்கு கேப்டன் சித்தார்த் சக்கரவர்த்தி நம்ம நாட்டுக்காரர், அவங்கதான் அத்தனையும் இழுத்து மேல ஏத்தி சாட்சியா மொரீஷியஸ்ல கொண்டு போய் சேர்த்தாங்க. வலை இழுத்தவனுக்குத்தான் தெரியும் அது எவ்ளோ வேலைன்னு, அதுவும் அந்த குளிர்ல. அப்படியே விட்டிருந்தா ஆள் இல்லாம வருஷக்கணக்குல மீனை கொன்னுட்டே கிடந்திருக்கும். டூத்ஃபிஷ் 50 வருஷம் வரைக்கும் உயிர் வாழுற மீனு, மெதுவாத்தான் வளரும், வாரிட்டா திரும்ப வர ஒரு தலைமுறை ஆகும்.

அலைவாசி:

நன்றி அண்ணா. அப்போ துரத்துறதால பிரயோஜனம் இல்லையா? கப்பலை மூழ்கடிச்சா சாட்சியும் போச்சே?

நங்கூரம்72:

முழுசா போகல. கப்பல் முங்கிட்டு இருக்கும்போதே பாப் பார்க்கர் ஆளுங்க உயிரை பணயம் வச்சு உள்ள இறங்கி பேப்பர், போன், கம்ப்யூட்டர்னு கைக்கு கிடைச்சதை எடுத்துட்டு வந்தாங்க. கதவெல்லாம் மூடாம திறந்தே கட்டி வச்சிருந்ததா சொன்னாங்க, வேணும்னே மூழ்கடிச்சதுக்கு அதை விட என்ன வேணும். ரொம்ப சின்ன நாடு சாவோ டோமே, ஆனா அவங்க கோர்ட் அதே 2015 அக்டோபர்ல கேப்டனுக்கும் ரெண்டு இன்ஜினியருக்கும் தண்டனை குடுத்து ஒன்றரை கோடி யூரோவுக்கு மேல அபராதம் போட்டுச்சு. எனக்கு அந்த நாட்டு மேல பெரிய மரியாதை.

2003ல டூத்ஃபிஷ் திருடுனதா சந்தேகப்பட்டு வியார்சான்னு ஒரு கப்பலை ஆஸ்திரேலியா 21 நாள் துரத்தி பிடிச்சு பெர்த்துக்கு கொண்டு வந்தாங்க, ஆனா 2005ல ஜூரி எல்லாரையும் விட்டுடுச்சு. அப்ப துரத்துறது மட்டும் போதாது, நாடுங்க ஒருத்தருக்கொருத்தர் தகவல் குடுக்கணும். எஸ்டிஎஸ்-50ன்னு இன்னொரு திருட்டு மீன்பிடி கப்பல் கதை பாருங்க. 2018ல மடகாஸ்கர்ல சந்தேகம் வந்து தகவல் போக, மொசாம்பிக் மபூட்டோல நிறுத்தி பாஸ்போர்ட் எல்லாம் பிடுங்கி வச்சாங்க. அப்படியும் ஓடிட்டான், தான்சானியா ஆளுங்களும் சீ ஷெப்பர்டும் பின்னாடி போனாங்க, கடைசில இன்டர்போல் கேட்டதும் இந்தோனேசியா நேவி சபாங் பக்கத்துல மடக்கிடுச்சு. கிழக்கு ஆப்பிரிக்கா பக்கம் கென்யா, தான்சானியா, மொசாம்பிக்னு 8 நாடு ஃபிஷ்-ஐ ஆப்பிரிக்கான்னு ஒரு கூட்டணி வச்சு இந்த மாதிரி தகவல் பகிர்ந்துக்கிட்டாங்க, பெரிய நேவி இல்லாத நாடுங்களுக்கு அதுதான் பலம். ஆனா எஸ்டிஎஸ்-50 கேப்டனுக்கு கிடைச்சது 4 மாசம் ஜெயிலும் 20 கோடி ரூபியா அபராதமும், அது 15 ஆயிரம் டாலர் கூட வராது. மனசு ஆறல.

வல்வை மணல்:

துறைமுகத்தை பூட்டுறதுதான் வழி எண்டு நினைக்கிறன். பிடிச்ச மீனை இறக்க இடமில்லை, வாங்க ஆளில்லை எண்டால் ஏன் போகப் போறான்? அதுக்குத்தான் எஃப்ஏஓ எண்ட ஐ.நா. உணவு, விவசாய அமைப்பின்ர துறைமுக ஒப்பந்தம், 2016 ஜூன் 5ல இருந்து நடைமுறையில இருக்கு. சந்தை பூட்டினால் அரசாங்கம் எவ்வளவு கெதியா அசையும் எண்டதை நாங்கள் இலங்கையில கண்ணால கண்டனாங்கள். ஆழ்கடல் படகுகளை ஒழுங்கா கண்காணிக்கேல்லை எண்டு ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில எங்கட மீனுக்கு தடை போட்டது, அதுக்குப் பிறகுதான் படகுகளுக்கு கண்காணிப்பு கருவி, சட்டம் எல்லாம் வந்து 2016ல தடை எடுபட்டது. அந்த இடைக்குள்ள பாதிக்கப்பட்டது ஒரு பிழையும் செய்யாத மீனவரும்தான், அதையும் சொல்லத்தான் வேணும்.

தூத்தூர் கடல்:

முதலாளி யாருன்னு கேக்குறதுதான் எனக்கு முக்கியமா படுது. டூத்ஃபிஷ் கும்பலுக்கு பின்னாடி ஸ்பெயின்ல கம்பெனி வச்சிருந்தவங்க இருந்தாங்க, ஸ்பெயின் அரசாங்கம் கோடிக்கணக்குல அபராதம் போட்டுச்சு, அது நல்ல விஷயம். ஆனா கிரிமினல் கேஸை 2016 டிசம்பர்ல அவங்க சுப்ரீம் கோர்ட்டே, நடந்தது நடுக்கடல்ல, எங்க அதிகாரத்துக்குள்ள வராதுன்னு தள்ளிடுச்சு.

தண்டர்ல இருந்து காப்பாத்துனது 40 பேரு, பெரும்பாலும் இந்தோனேசிய பசங்க. எந்த கடல்ல எதுக்கு போறோம்னு அந்த பசங்களுக்கு எவ்ளோ சொல்லியிருப்பாங்கன்னு யாருக்கு தெரியும். அதே 2015லதான் இந்தோனேசியாவுல பெஞ்சினா தீவுல மியான்மர்காரங்களை கூண்டுல அடைச்சு வச்சு மீன்பிடிக்க விட்டது வெளிய வந்துச்சு, வருஷக்கணக்கா வீட்டுக்கு ஒரு போன் கூட பண்ண முடியாம இருந்தவங்க. எங்க அப்பா கரைக்கு வர ரெண்டு நாள் லேட்டானாலே அம்மா சாப்பிட மாட்டாங்க. அங்க எத்தனை அம்மா அப்படி இருந்திருப்பாங்க.