மூன்று கிளைக்கும் ஒரே லான்: மூன்றாவது விஎக்ஸ்லான் டனல் எழுந்ததும் நெட்வொர்க் முடங்குகிறது

அம்பத்தூர்_அட்மின்:
வணக்கம். அம்பத்தூர், கிண்டி, சிறுசேரி மூன்றிலும் தலா ஒரு லினக்ஸ் பெட்டி. நடுவில் வயர்கார்டு விபிஎன் (10.9.0.1, 10.9.0.2, 10.9.0.3), ரவுட்டிங் எல்லாம் சரி. ஆனால் பிஎல்சி (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) மென்பொருள் ஈதர்நெட் பிராட்காஸ்ட் அனுப்பித்தான் மெஷினைத் தேடுகிறது. அது ரவுட்டரைத் தாண்டாது. அதனால் இரண்டிரண்டு கிளைக்கு ஒன்றாக மூன்று விஎக்ஸ்லான் டனல் (ஈதர்நெட் ஃப்ரேமை யூடிபி பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்புவது; அடையாள எண், அதாவது விஎன்ஐ, 101, 102, 103) போட்டு, லான் போர்ட்டோடு பிரிட்ஜில் (மென்பொருள் சுவிட்ச்) சேர்த்தேன். இரண்டு டனல் வரை ஓடுகிறது. மூன்றாவதை எழுப்பினால் எல்லா இடத்திலும் எல்லாமே நின்றுவிடுகிறது. இரண்டு டனல் மட்டும் இருக்கும்போதும் பிங் போகிறது, ஃபைல் காப்பி தொங்குகிறது.

பாக்கெட்_பித்தன்:
முதலாவது பிரச்சினை லூப். ஈதர்நெட் ஃப்ரேமில் டிடிஎல் (இத்தனை தாவலுக்குப் பின் அழி என்னும் எண்ணிக்கை) கிடையாது. முக்கோணமாக பிரிட்ஜ் செய்தால் ஒரு ஏஆர்பி (ஐபி-க்குரிய மேக் முகவரியைக் கேட்கும் பிராட்காஸ்ட்) கூட நிற்காமல் சுற்றும். எஸ்டிபி (லூப்பை அடைக்கும் நெறிமுறை) போட்டால் ஒரு டனல் அடைபட்டு, ஒரு கிளையின் டிராஃபிக் இன்னொரு கிளை வழியாகச் சுற்றிப் போகும். அது வேண்டாம்.

மூன்றையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே விஎக்ஸ்லான் இன்டர்ஃபேஸ் வையுங்கள்: விஎன்ஐ 100, லோக்கல் முகவரி அந்தந்த வயர்கார்டு ஐபி, ரிமோட் எதுவும் தராதீர்கள். போர்ட் 4789 என்று நீங்களே எழுதுங்கள், லினக்ஸ் தானாக எடுப்பது 8472. பிறகு பிரிட்ஜ் எஃப்டிபி-யில் (எந்த மேக் எங்கே இருக்கிறது என்னும் அட்டவணை) 00:00:00:00:00:00 என்ற மேக்கிற்கு மற்ற இரண்டு ஐபி-களையும் சேர்க்க வேண்டும். இரண்டாவதைச் சேர்க்கும்போது 'ஆட்' என்றால் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுக்கும், 'அப்பெண்ட்' கொடுங்கள். பிராட்காஸ்ட் இருவருக்கும் தனித்தனி நகலாகப் போகும். ஒரு கிளையிலிருந்து வந்ததை அதே இன்டர்ஃபேஸ் வழியாக பிரிட்ஜ் திருப்பி அனுப்பாது என்பதால் லூப்புக்கே இடமில்லை.

இன்டர்ஃபேஸை அழித்து மறுபடி உருவாக்கினால் இந்தப் பதிவுகள் போய்விடும். சிஸ்டம்டி-நெட்வொர்க்டி அமைப்புக் கோப்பிலேயே எழுதி வையுங்கள்.

வேளச்சேரி_விடெப்:
ஃபைல் காப்பி தொங்குவது எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) காரணமாக. வயர்கார்டு 1420, விஎக்ஸ்லானுக்கு 50 பைட் போனால் 1370. இரு முனையும் 1500 என்றே நினைத்துக்கொண்டிருக்கின்றன. இடையில் இருப்பது பிரிட்ஜ், ரவுட்டர் அல்ல. 'பாக்கெட் பெரிது' என்று ஐசிஎம்பி அனுப்ப ஆள் இல்லை, சத்தமின்றி விழுகிறது. துண்டாக்கத் தடை வைத்து பிங் அனுப்பிப் பாருங்கள்: 1342 பைட் போகும் (28 பைட் தலைப்புக்குப் போகிறது), 1343 போகாது. கணினிகளுக்கு டிஹெச்சிபி (தானாக முகவரி தரும் சேவை) ஆப்ஷன் 26 வழியாக 1370 கொடுக்கலாம். அதை மதிக்காத கணினியில் கையால் மாற்றுங்கள்.

அம்பத்தூர்_அட்மின்:
லூப் போயிற்று, மிக்க நன்றி. பிஎல்சியில் எம்டியூ மாற்ற வழியே இல்லையே?

வேளச்சேரி_விடெப்:
அப்படியானால் மூன்று பெட்டியிலும் வயர்கார்டு எம்டியூவை 1550, விஎக்ஸ்லானை 1500 ஆக்குங்கள். பெரிய பாக்கெட்டுகள் வெளியே இரண்டு துண்டாகப் போய் மறுமுனையில் சேரும். சிபியு கொஞ்சம் கூடும். வழியில் யாராவது துண்டுகளைத் தடுத்தால் பழைய தொங்கல் திரும்பும். 1472 பிங்கை ஒவ்வொரு ஜோடிக் கிளைக்கும் இரு திசையிலும் சோதியுங்கள்.

பாக்கெட்_பித்தன்:
பிரிட்ஜின் டனல் போர்ட்டில் டிஹெச்சிபி-யின் யூடிபி 67, 68-ஐத் தடுத்துவிடுங்கள். இல்லையென்றால் சிறுசேரி கணினி அம்பத்தூர் சர்வரிடம் முகவரியும் கேட்வேயும் வாங்கி, அதன் இன்டர்நெட் முழுவதும் உங்கள் லைனில் சுற்றும். முகவரி வரம்பை மட்டும் கிளைவாரியாகப் பிரித்து வையுங்கள். ஏழெட்டு கிளை என்று வளர்ந்தால் கையால் எஃப்டிபி எழுதுவது கட்டாது. எஃப்ஆர்ஆர் (ரவுட்டிங் மென்பொருள்) போட்டு, இந்தப் பதிவுகளைத் தானாகப் பரப்பும் ஈவிபிஎன்-க்கு மாறுங்கள்.