காசல்ரீக்கு மேலே என்ஜின் நின்றுவிட்டால்?

நோர்வூட்காரன்:
எங்கள் வாசலில் நின்றால் இலங்கை மலையகத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மிதவை விமானம் இறங்குவது தெரியும். ஒற்றை என்ஜின்தான். அது நடுவானில் நின்றுவிட்டால் கல்லைப் போல விழும் என்கிறார் பக்கத்து வீட்டுக் கங்காணித் தாத்தா. தேயிலை மலை மெத்தை மாதிரிதானே இருக்கிறது, இறக்கிவிடலாம் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பொகவந்தலாவைப் பையன்:
இருவருமே தவறு. இரத்மலானை விமான நிலையத்தில் செஸ்னா 172 என்ற ஒற்றை என்ஜின் சிறு விமானம் ஓட்டப் பழகியவன் சொல்கிறேன். என்ஜின் நின்றாலும் விமானம் சறுக்கிக்கொண்டு போகும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்துக்கொண்டால், ஆயிரம் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர் போய்விடலாம்.

நம் ஊரில்தான் சிக்கல். உயரமானி 8,000 அடி காட்டும். அது கடல் மட்டத்திலிருந்து. நுவரெலியாவே 6,000 அடிக்கு மேல். கையில் மிஞ்சுவது இரண்டாயிரம் அடிக்கும் குறைவு, மூன்று நிமிடம்கூட இல்லை. என்ஜினை மறுபடி ஓடவைக்க, அதற்குள் எரிபொருள் வால்வு, தீப்பொறி தரும் மேக்னெட்டோ, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குச் சூடு எல்லாம் பார்த்தாக வேண்டும். ஈரக்காற்றில், வெளியே 15 பாகை இருந்தாலும் கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்டிவிடும். காசல்ரீக்கு வருவது டர்பைன் என்ஜின், அதில் கார்புரேட்டரே கிடையாது, இந்தத் தொல்லை இல்லை. தண்ணீரே அதற்கு ஓடுபாதை.

என்ஜின் நின்றால் இறக்கும் பயிற்சியில் ஒருநாள் நான் வேகமானி முள்ளையே வெறித்துக்கொண்டிருந்தேன். பயிற்றுநர் கதவைத் தட்டி, "தாழை எடுத்துவிட்டாயா?" என்றார். மோதியதில் கதவுச் சட்டம் நெளிந்தால் கதவு சிக்கிக்கொள்ளும், அதனால் இறங்குமுன்னே தாழை எடுத்துவிட வேண்டும். அது என் நினைவிலேயே இல்லை.

கொழுந்துக்காரி:
மெத்தையா? தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டிய மலையில் ஒருநாள் நடந்து பாருங்கள், தம்பி. கிளையெல்லாம் முளைக்குச்சியாக நிற்கும். வெட்டாத செடிக்கும் உள்ளே கட்டைதான். இடையிடையே தண்ணீர் ஓடும் கான், நிழல் மரம். 22 வருடம் கொழுந்து எடுத்தவள் நான். எங்கள் தோட்டத்தில் கொழுந்து மூட்டையை அனுப்பிய பழைய கொழுந்துக் கம்பி இன்னும் பள்ளத்துக்குக் குறுக்கே தொங்குகிறது. கீழே நிற்கும் எனக்கே மூடுபனியில் தெரியாது.

பொகவந்தலாவைப் பையன்:
அக்கா, கம்பியை நான் சொல்லாமல் விட்டது பிழைதான். அம்பேவெல புல்வெளி, நுவரெலியா குதிரைப் பந்தயத் திடல் மாதிரி வெளி எட்டினால் அதிர்ஷ்டம். தேயிலைதான் வாய்த்தது என்றால் மேட்டைப் பார்த்து இறக்க வேண்டும். சரிவைப் பார்த்து இறக்கினால் நிலம் கீழே கீழே ஓடும், சக்கரம் தொடாது.

நோர்வூட்காரன்:
தாத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். கம்பி விஷயத்தில் கொழுந்து எடுக்கிற அந்தப் பிள்ளை சொல்வது சரி என்கிறார். மற்றதை ஒப்புக்கொள்ளவில்லை.