குவானிடினியம் சல்ஃபோனேட் வில்லை: புரோட்டான் கடத்துதிறன் நிலைக்கவில்லை

கேள்வி:
ஹைட்ரஜன் பிணைப்பால் கோத்த குவானிடினியம் சல்ஃபோனேட் தூளை 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. தடிமனுள்ள வில்லையாக அழுத்தி, சுமார் 95% ஈரப்பதத்தில் புரோட்டான்கள் அதில் எவ்வளவு எளிதாக நகர்கின்றன (கடத்துதிறன்) என்று அறிய, இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) எடுக்கிறோம். கடத்துதிறன் காலையில் ஒரு மதிப்பு, மாலையில் பத்து மடங்கு. எதை நம்புவது?

பதில் 1:
மாலை மதிப்பையும் உடனே நம்ப வேண்டாம். வில்லைக்குள் ஈரம் மெதுவாகத்தான் ஏறும். அரை மணிக்கொருமுறை அளந்து, மதிப்பு அசையாமல் நின்ற பிறகே குறியுங்கள். மூடிய கலனில் தெவிட்டிய பொட்டாசியம் சல்ஃபேட் கரைசல் வைத்தால் 25 டிகிரியில் சுமார் 97% ஈரப்பதம் கிடைக்கும். அடியில் கரையாத உப்பு கிடக்க வேண்டும். அந்த நிலையில் வெப்பம் ஒரு டிகிரி இறங்கினாலே நீர் திரளும். அப்புறம் நீங்கள் அளப்பது படிகத்தை அல்ல, மேலே படிந்த தண்ணீரை!

பதில் 2:
கடத்துதிறன் = தடிமன் ÷ (மின்தடை × பரப்பு). உங்கள் வில்லையின் பரப்பு 0.785 ச.செ.மீ.; 100 ஓம் வந்தால் 1.3 × 10⁻³ சீமென்ஸ்/செ.மீ. இதே வகை ஹைட்ரஜன் பிணைப்புச் சட்டகத்துக்குப் புனே ஐசர் (IISER, அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்) குழு 2016இல் 1.8 × 10⁻² சீமென்ஸ்/செ.மீ. வரை காட்டியது. அந்த அளவில் உங்கள் மின்தடை 7 ஓம்தான். கம்பியின் தடையே கணக்கைக் கெடுக்கும். வில்லை இல்லாமல் மின்முனைகளை ஒன்றோடொன்று சேர்த்து அளந்து, அந்தத் தடையைக் கழித்துவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. படிகம் கரைந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

பதில் 1:
அளவீட்டுக்கு முன்னும் பின்னும் தூள் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு (படிக அமைப்பைச் சிகரங்களாகக் காட்டும் சோதனை) எடுங்கள். சிகரங்கள் மங்கினாலோ நகர்ந்தாலோ அந்த எண்ணைத் தூக்கிப் போடுங்கள். வில்லையின் தடிமனையும் மறுபடி அளக்கணும், உப்பியிருக்கும்.